எதிர்க்குரல்

பக்கவாதத்தில் பேச்சிழந்த கணவனின் கட்டிலருகே அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் வெயில் அவனுடைய அசையாத கையின் மேல் விழுந்து கிடக்கிறது. பாடிப் பார்த்தால் பேச்சு திரும்பலாம் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சொல்ல, இருவரும் சேர்ந்திசைக் குழுவில் பாடிய பாட்டை அவள் மெல்ல எடுக்கிறாள். அவன் தொண்டை அசைகிறது. கரகரத்த முனகல் ஒன்று வருகிறது. அவள் குரல் ஏற ஏற, அது இறங்குகிறது. "என்னம்மா, நீங்க மேல போறப்ப அவர் கீழ போறாரே, தப்பா வருதோ?" என்கிறாள் அந்தப் பெண். "தப்பில்லம்மா. குழுவுல அவர் பாடுற பாகமே அதுதான், அவர் குரல் எனக்கு எதிராத்தான் போகணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் எங்க பாட்டு." பேச்சு மும்முரத்தில் பாட்டை விட்டுவிட்டோமே என்று பதறித் திரும்புகிறாள். அவன் நிறுத்தவில்லை. தன்னந்தனியாக அடுத்த அடிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறான்.