கட்டிலை விட்டு இறங்கிய பூனை

பங்கயத்தம்மாளுக்குத் தும்மல் விடவே இல்லை. தலைமாட்டில் கிடந்த இலவம்பஞ்சுத் தலையணை, கால்மாட்டில் சுருண்டிருந்த பூனையிடம் சிடுசிடுத்தது.

"எல்லாம் உன் முடியாலதான்டி. டாக்டரும் அதைத்தானே சொன்னார்? இறங்கு கீழே."

"அம்மா தூங்கினாப் போதும் அக்கா" என்று பூனை இறங்கிச் சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டது. அம்மா ஆசையாகக் கூப்பிட்டும் ஏறவில்லை. இத்தனை லேசாக இடத்தை விட்டுவிட்டாளே என்று தலையணைக்கு வியப்பு.

தும்மல் மட்டும் நிற்கவில்லை. அம்மா தலை வைக்கும்போதெல்லாம் தூசி தன் வயிற்றிலிருந்துதான் கிளம்புகிறது என்று தலையணைக்குப் புரிந்தது. வெயிலே காணாத உடம்பு அது. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் பொறுக்கவில்லை.

"தப்பு என் மேலதான்டி. என்னைக் கீழே தள்ளு."

"குப்பையில போட்டுட்டா என்ன செய்வே அக்கா?"

"அம்மா தூங்கணும்டி."

பூனை தள்ளியது. விழுந்ததை எடுத்துத் தட்டிய அம்மா, கிளம்பிய தூசியைக் கண்டு மலைத்துப்போய், மொட்டை மாடி வெயிலில் போட்டாள்.

சாயங்காலம் உப்பிப்போய்த் திரும்பிவந்த தலையணை, "ஏறி வாடி" என்றது.

"முதல்ல நாலு நாள் அம்மா தும்மாம இருக்கட்டும் அக்கா. அப்புறம் ஏறுறேன்."

அந்த நாலு நாளும் தலையணை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.