தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு

காலை ஆறு இருபதுக்குப் பதிவிறக்கம் நின்றுபோனது. 98.4 சதவீதம்.

நேரத்தை நாட்குறிப்பில் குறித்தேன். கோளாறு என் மடிக்கணினியில்தானோ என்று இரண்டு முறை சோதித்தேன். இல்லை.

யாரோ ஒருவர் தமிழில் பேசிப் பதிவு செய்த பாய்லர் பாடங்கள். டொரண்டில் கிடைத்தன. பெயர் கேட்கவில்லை, கணக்குத் தொடங்கச் சொல்லவில்லை. பாடங்களை வைத்திருப்பவர் தன் கணினியை அணைக்காமல் இருக்கும்வரை நமக்கு வந்துகொண்டிருக்கும்.

ஒன்பது நாளாக அப்படி வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். இன்று அவரும் போய்விட்டார்.

வராமல் நின்றது கடைசிப் பாடம், சேஃப்டி வால்வு. நாளை மறுநாள் பாய்லர் ஆபரேட்டர் தேர்வு.

‘கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்’ என்று எழுதி வைத்தேன்.

மாலையில், தேர்வுக்கான பயிற்சி வகுப்பில் கமலேஷ் வழக்கம்போல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் வேலை செய்யும் டீ ஃபாக்டரியில் பாய்லருக்கு ஓர் ஆள்தான் வேண்டுமாம். அதிக மதிப்பெண் எடுப்பவருக்கு அந்த இடம். அதனால் நோட்டை முழங்கையால் மறைத்தபடியே எழுதுவேன். நல்ல பழக்கமில்லை என்று தெரியும்.

கொர்னேலியஸ் சார் போன வருடக் கேள்வித்தாளைப் பிரித்தபோது கமலேஷின் போன் அதிர்ந்தது. பார்த்துவிட்டு எழுந்தார்.

“ஏனுங்க சார், எங்க பெர்ன்ஹில்ல இப்பத்தான் கரண்டு வந்துச்சாமா. ஊட்டுக்குப் போயி கம்ப்யூட்டரப் போடோணுங்க. காலைல மரம் உழுந்து லைன் போனப்ப, யாரோ ஒருத்தரு எங்கிட்டிருந்து பாய்லர் பாடத்த எறக்கிட்டு இருந்தாங்க. தொண்ணூத்தெட்டு புள்ளி நாலுல நின்னு போச்சுங்க, பாவம்.”

“இன்னிக்குத்தான்டா கடைசி வகுப்பு. ஊரு பேரு தெரியாத ஆளுக்காகவா ஓடற?” சார் சிரித்தார்.

“என்னையாட்டமே பரீட்சைக்குப் படிக்கறவங்களா இருக்குமுங்க.” அதற்குள் அவர் கதவருகே போயிருந்தார்.

மழையில் அவர் ஓடுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. குடையை பெஞ்சிலேயே விட்டுவிட்டார்.

அந்த ஆள் நான்தான் என்று ஏன் சொல்லவில்லை? தெரியவில்லை.

சார் முதல் கேள்வியை வாசித்தார். நோட்டில் புதுத் தாளைத் திருப்பினேன். என் கையெழுத்து எனக்கு மட்டும்தான் புரியும் என்பார்கள். அதனால் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுத ஆரம்பித்தேன்.

அதற்கு முன், தாளின் உச்சியில் ‘கமலேஷ்’ என்று எழுதினேன்.