கை அதிராத நாள்

ஏசி மெக்கானிக் பயிற்சி மையம் நடத்தும் ஆரோக்கியம் சாருக்கு அன்று கை அதிரவே இல்லை, கண்ணுகளா. படித்துப்போன பிள்ளை வேலையில் தவறு செய்தால், சொல்லிக்கொடுத்தவர் கையில் கட்டிய பட்டை அதிரும். அதிர்வு கூடினால் மையத்தின் உரிமம் போய்விடும். அதுதான் புதிய விதி. மறுநாள் சோதனை.

"இசக்கிகூட இன்னைக்குத் தப்பு பண்ணல சார். நாம பாஸ்தான்!" என்று சிரித்தாள் அலுவலகத்து மும்தாஜ்.

அவரிடம் படித்து வேலைக்குப் போய், தினம் ஒரு ஸ்க்ரூவையாவது மறந்துவிடுகிறவள் இசக்கி. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன் செய்தார்.

"ஏட்டி, உடம்புக்கு என்ன?"

"நல்லாத்தான் இருக்கேன் சார். வேலைய விட்டுட்டேன். நாளைக்கு உங்களுக்குச் சோதனைல்லா?"

"கோட்டிக்காரி! சோத்துக்கு என்ன செய்வ?"

"அத விடுங்க. கை அதிரலல்லா?"

"இப்பமே போயி வேலையில சேரு. கை அதிர்ந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."