ஓபராவில் ஓர் இருமல்

கதாநாயகி மேடையில் உயிரை விடும் நேரம் பார்த்து நகைக்கடைக்காரர் இருமினார்.

ஏனோதானோ இருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து எடுத்து, இழுத்து, கடைசியில் ஒரு செருமலோடு முடித்தார். முன்வரிசை, பின்வரிசை எல்லாம் திரும்பிப் பார்த்தது.

"ஏங்க, மானம் போகுது," என்று மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தாள். "கொஞ்சம் அடக்கிக்கக் கூடாதா?"

"ஏசி ஒத்துக்கல."

"நம்ம கடை பூரா ஏசிதான். ஒரு தும்மல்கூட வந்ததில்ல."

அவர் அடுத்த இருமலுக்கு மூச்சு சேர்த்துக்கொண்டிருந்தார்.

நகைக் கண்காட்சிக்காக வெளிநாடு வந்தவர். பேச்செல்லாம் பாட்டாகவே நடக்கும் இந்த ஓபராவில் அவருக்கு ஒரு வரி புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்கும் பங்குதாரருக்கும் பொதுவான வைரப் பொட்டலம் ஹோட்டல் அறையில் இருந்தது. வேறு விமானத்தில் ஓசைப்படாமல் வந்து இறங்கிய மச்சினன், அவர் கொடுத்த சாவியோடு இந்நேரம் அங்கே நுழைந்திருப்பான்.

"பொட்டலம் காணோம்னா பங்குதாரருக்கு முதல் சந்தேகம் உங்க மேலதான் வரும் மாமா," என்று அவன் சொல்லியிருந்தான். "அந்த நேரத்துல நாலு பேர் உங்களைப் பார்த்திருக்கணும். பார்த்தவங்க மறக்கக் கூடாது."

நாலு பேர் என்ன, அரங்கமே மறக்காது. முன் இருக்கைச் சீமாட்டி முழுதாகத் திரும்பி முறைத்தபோது, அவள் கழுத்து மரகத மாலையைத் தொழில் பழக்கத்தில் கண்ணாலேயே எடை போட்டார். பிறகு மறுபடியும் இருமினார்.

திரை விழுந்தது. வாசலில் போலீஸ் நின்றது.

அதற்குள்ளாகவா என்று நினைத்துக்கொண்டார். முகத்தில் கொஞ்சம் திகைப்பை வரவழைத்துக்கொண்டார். டிக்கெட் கிழிக்கும் இளைஞனுக்குத் தமிழ் தெரிந்திருந்தது; போலீஸ் அவனைப் பேச வைத்தது.

"இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்கன்னு கேக்கறாங்க சார்."

"சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்ல. யாரை வேணா கேளுங்க."

"கேட்டுட்டாங்க. எல்லாருக்கும் உங்களை நல்லா ஞாபகம் இருக்கு."

நகைக்கடைக்காரர் அடக்கமாகச் சிரித்தார்.

"நீங்க இருமினப்ப முன்சீட்டு அம்மா திரும்பினாங்களாம். அந்த நேரம் அவங்க பக்கத்துல இருந்தவன் கொக்கியைக் கழட்டி மாலையை அடிச்சுட்டுப் போயிட்டான். அக்கம்பக்கம் எல்லாரும் உங்களையே பார்த்ததால, அவன் மூஞ்சி ஒருத்தருக்கும் தெரியல. நீங்க அவனோட கூட்டாளின்னு சொல்றாங்க."

சிரிப்பு பாதியில் நின்றது.

"எனக்குச் சளி, தம்பி."

"சளியாவது ஒண்ணாவது," என்றாள் மனைவி, இன்னும் கோபம் ஆறாமல். "தலைதலையா அடிச்சுக்கிட்டேன். வேணும்னே இருமினார்."

இளைஞன் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தான்.

மாலைக்கும் இருமலுக்கும் சம்பந்தமே இல்லை, தான் இருமியது வேறு காரியத்துக்காக என்று நிரூபிக்க, அவரிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தான்: மச்சினன்.