பிரிக்காத பரிசுகள்

"அதை விட்டுடு கண்ணு. நெத்தியில கை வச்சாலே தெரியுதே, அப்புறம் எதுக்குத் தெர்மாமீட்டர்?" என்றாள் பெரியம்மா, கட்டிலில் படுத்தபடியே.

"எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரிய வேண்டாமா? போன் பண்ணினா ஜுரம் எவ்வளவுன்னு நம்பர்ல சொல்லணும் பெரியம்மா" என்றாள் நர்ஸ், அலமாரிக் கதவைப் பிடித்தபடி.

வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருந்த பெரியம்மாவுக்குக் கட்டு மாற்ற தினமும் வருகிறவள் அவள். இன்றைக்குப் பார்த்து பெரியம்மாவின் உடம்பு சுட்டது. இன்றைக்குப் பார்த்துத்தான் நர்ஸின் தெர்மாமீட்டரும் பஸ்ஸில் விழுந்து உடைந்திருந்தது. தையலில் சீழ் வைத்திருந்தால் மறுபடியும் ஆஸ்பத்திரிதான். அந்த வாசலை இனி மிதிக்கவே மாட்டேன் என்று பெரியம்மா தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அலமாரியில் புத்தம் புதிய தெர்மாமீட்டர் ஒன்று இருக்கத்தான் இருந்தது, கெட்டியான பிளாஸ்டிக் கவருக்குள். அது மட்டுமா? ஷேவிங் மெஷின், ஸ்க்ரூடிரைவர் செட், சைக்கிள் விளக்கு, பொம்மைக் கார் என்று ஒரு சின்னக் கடையே இருந்தது. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. பெரியம்மா தூசி துடைத்து, கவரின் முன்பக்கம் வெளியே தெரியும்படி வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள்.

"இதெல்லாம் யாரு வாங்கினது?"

"என் பையன் அனுப்பினான். வெளியூர்ல வேலை."

"உங்களுக்கு எதுக்கு ஷேவிங் மெஷின்?"

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுக்குமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. கடையில் கைக்கு அகப்பட்டதை வாங்கி அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று காலை நீட்டி உட்காரும் பிள்ளைகளை அவள் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறாள்! அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, எதையும் தொடாமல் வைத்திருக்கிறாள். பாவம், இரண்டு பேருக்கும் நடுவே என்ன மனஸ்தாபமோ.

நர்ஸ் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். 'இங்கே பிரிக்கவும்' என்று ஓர் அம்புக்குறி போட்டிருந்தது. அங்கே நகத்தை விட்டாள். நகம்தான் பிய்ந்தது. பல்லால் கடித்துப் பார்த்தாள். கத்தரிக்கோல் வழுக்கிக்கொண்டு போனது. உள்ளே தெர்மாமீட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற நகை மாதிரி ஜம்மென்று படுத்திருந்தது.

"எந்த மகானுபாவன் இதைச் செஞ்சானோ தெரியல. அவனைக் கூப்பிட்டு வச்சு, தினம் ஒண்ணு பிரிச்சாத்தான் சோறுன்னு சொல்லணும்!"

"திட்டாதே கண்ணு."

"திட்டாம கொஞ்சவா சொல்றீங்க? சீக்காளி மனுஷங்க வாங்குற சாமான். அவங்களால இதைப் பிரிக்க முடியுமா? கொஞ்சமாவது மூளை இருந்தா இப்படிச் செய்வானா? அவன் விளங்கவே மாட்டான்!"

"போதும், விடுன்னு சொல்றேன்ல." பெரியம்மாவின் குரல் சட்டென்று கனத்தது. "உடம்பு சரியில்லாத வீட்டுல அந்த மாதிரியெல்லாம் பேசக் கூடாது."

வலியில் எரிச்சல் வருவது சகஜம்தான் என்று நினைத்துக்கொண்டு நர்ஸ் சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்து வந்தாள்.

"கத்தி எதுக்கு? கடையில வேற ஒண்ணு வாங்கிட்டு வந்துடேன். பணம் நான் தரேன்."

"கையில இருக்கறதை விட்டுட்டுக் கடைக்கு ஓடச் சொல்றீங்களே! நம்பர் சொல்லலைன்னா டாக்டர் எதுக்கு வம்புன்னு உங்களை நேரா அட்மிட் பண்ணிடுவாரு. அப்புறம் உங்க பையன் லீவு போட்டுட்டு அலறி அடிச்சு ஓடி வரணும், பரவாயில்லையா?"

அந்த ஒரு வார்த்தைக்குப் பெரியம்மா மசிந்தாள். "வேண்டாம், வேண்டாம். அவன் பயந்துடுவான். நீ வெட்டு. ஆனா முன்பக்கம் வேண்டாம், பின்பக்கமா வெட்டு" என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெட்டுகிறபோது பிளாஸ்டிக் விளிம்பு நர்ஸின் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டே தெர்மாமீட்டரைப் பெரியம்மாவின் நாக்குக்கு அடியில் செருகினாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தாள். நூறைத் தொடவில்லை.

நர்ஸ் டாக்டருக்குப் போன் பண்ணி ஜுரம் எவ்வளவு என்று சொன்னாள். தையலைப் பற்றிக் கேட்டார். சீழ் இல்லை, சிவப்பு இல்லை என்றாள் நர்ஸ். மாத்திரையை விடாமல் கொடு, ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நர்ஸுக்கே உயிர் வந்தது போல இருந்தது.

"பார்த்தீங்களா? பையன் அனுப்பினதுல ஒண்ணாவது உதவிச்சுது. கோபத்தை விடுங்க பெரியம்மா. மத்ததையும் ஒவ்வொண்ணா பிரிச்சுக் கொடுத்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே கிழிந்த கவரைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"ஐயையோ, அதை ஏன் போட்டே? எடு, எடு!"

நர்ஸ் ஒன்றும் புரியாமல் எடுத்துக் கொடுத்தாள். பெரியம்மா அதை மார்பின் மேல் வைத்து, நசுங்கின இடத்தைக் கட்டைவிரலால் மெல்ல நிமிர்த்திவிட்டாள். பிறகு தெர்மாமீட்டரை நர்ஸின் பக்கம் நகர்த்தினாள்.

"இதை நீயே வச்சுக்கோ. உன்னோடதுதான் உடைஞ்சு போச்சே."

"என்ன பெரியம்மா இது? பையன் அனுப்பினதை எனக்குத் தூக்கிக் கொடுத்துட்டு, குப்பையை வச்சுக்கறீங்க?"

"உள்ள இருக்கறதெல்லாம் எவனெவனோ செஞ்சது, கண்ணு" என்றாள் பெரியம்மா. "என் பையன் செய்யறது இந்தக் கவரைத்தான். புதுசா எந்தச் சாமானுக்குக் கவர் செஞ்சாலும் முதல் கவர் எனக்கு வந்துடும்."