மூன்றாவது ஆள்

"இந்த வருஷம் ரெண்டே பேர்தான் வெளிய போறாங்கன்னு அடிச்சுச் சொன்னீங்களே மேடம்! இது யாரு, மூணாவது ஆள்?"

புது மேனேஜர் ராஜினாமாக் கடிதத்தை அக்கவுன்டன்டின் மேசையில் தட்டினார். அவர் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. குரலுக்கு மட்டும் அதற்குள் முப்பது வருஷ சர்வீஸ் ஆகிவிட்டது.

கையெழுத்தைப் பார்த்ததுமே அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. ஸ்டோர் கீப்பர். இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். அவருக்கு அத்தனை வருஷத்துக்கும் சேர்த்துப் பணிக்கொடையை எடுத்துக் கொடுத்தால் கம்பெனியின் கையிருப்பு துடைத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். ஒண்ணாம் தேதி யாருக்கும் சம்பளம் கிடையாது.

போதாக்குறைக்கு மூன்று மணிக்கு பேங்க் ஆட்கள் வருகிறார்கள். யார் யார் விலகுவார்கள், எப்போது எவ்வளவு பணம் வெளியே போகும் என்று அவள் ராப்பகலாக உட்கார்ந்து போட்ட கணக்கைப் பார்த்துத்தான் கடன் தருவார்கள். கணக்கு இடித்தால் கடன் அம்பேல்.

"கூப்பிடுங்க அந்த ஆளை!"

ஸ்டோர் கீப்பர் வந்து கதவோரம் நின்றார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏன் சார் இப்படித் தலையில கல்லைப் போடறீங்க?" என்றாள் அவள். அந்த ஆபீசில் எல்லாரும் எல்லாருக்கும் சார், மேடம்தான். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நாலு தடவை வாயெடுத்தேன் மேடம். கணக்கு முடியட்டும், கணக்கு முடியட்டும்னு நீங்கதான் காதுலயே போட்டுக்கல."

அவர் சொன்னது உண்மைதான்.

"அப்படி என்னய்யா தலைபோற அவசரம்?" என்றார் மேனேஜர்.

"மாமியார் படுத்துட்டாங்க சார். ஒரு பக்கம் கை கால் வரல. பாத்துக்க ரெண்டு பேரை வெச்சோம், ரெண்டு பேருமே சொல்லாம கொள்ளாம நின்னுட்டாங்க. பக்கத்து வீட்டுல எத்தனை நாள் கெஞ்சறது?"

"மாமியாருக்காக மருமகன் வேலையை விடறதா? நல்ல கூத்து! உங்க சம்சாரம் என்ன பண்றாங்க?"

"வேலைக்குப் போறாங்க சார். அவங்களுக்கு அந்த வேலைன்னா உசிரு. அவங்க இல்லன்னா அங்க ஒண்ணும் ஓடாது."

"ஊர் உலகத்துல இல்லாத உத்தியோகம்! அவங்களை விடச் சொல்லுங்க. அந்தம்மா வீட்டுல உக்காந்தா யாருக்கு என்ன நஷ்டம்? நீங்களே சொல்லுங்க மேடம்!"

அவள் கடிதத்தை எடுத்து மடித்தாள்.

"இதை எங்கிட்ட விடுங்க சார். மூணு மணிக்குள்ள சரி பண்ணிடறேன்."

இருவரும் போன பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு வரியை அழித்தாள், இன்னொரு வரியைச் சேர்த்தாள், கூட்டிப் பார்த்தாள். கணக்கு நின்றது. பயம் விலகியது, ஆனால் அழுகை வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

கடைசித் தொகையைப் பார்த்ததும் மேனேஜர் முகம் மலர்ந்தது. "பலே! சம்பளம் போக மிச்சமும் நிக்குதே! அந்த ஆள் மனசு மாறிட்டாரா?"

"அவர் இருப்பார் சார். நீங்க சொன்ன யோசனைதான். அவர் சம்சாரம் வேலையை விட்டுடறாங்க."

"பாத்தீங்களா! நான் அப்பவே சொன்னேன்ல!" என்று நாற்காலியில் சாய்ந்தவர், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "சரி, மூணாவது ஆள்னு இங்க இன்னும் ஒரு சின்னத் தொகை இருக்கே, இது யாருக்கு?"

"ஆறே வருஷ சர்வீஸ் சார், கம்பெனி தாங்கும்" என்று தன் ராஜினாமாக் கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள் அவள். "பேங்க்காரங்க போனதும் நான் கிளம்பறேன். எங்க அம்மாவுக்கு மாத்திரை குடுக்கணும்."