டொப்பி

மருந்துக் கடையின் கண்ணாடி மேசைமேல், ஓய்வுபெற்ற கண்டக்டர் தன் காதுக் கருவியை வைக்கிறார். அதன் நுனியில் இருக்கவேண்டிய மிளகளவு ரப்பரைக் காணவில்லை. அது இல்லாமல் கருவி காதில் நிற்பதில்லை. நாலு நாளாக மகள் போனில் என்ன சொன்னாலும் வெறும் "ம்" கொட்டிச் சமாளிக்கிறார். "டொப்பி வேணும்மா." கடைப்பெண்ணின் விரல்கள் கம்ப்யூட்டரில் தயங்குகின்றன. "பேரு சொல்லுங்க சார்." அவர் இனிஷியலோடு தன் பெயரைச் சொல்கிறார். பின்னால் நிற்பவர் மருந்துச் சீட்டால் தொடையில் தட்டிக்கொண்டே இருக்கிறார். "உங்க பேரு இல்ல சார், அதோட பேரு." அவள் கத்தியதும் அவர் வீட்டுக் கதவு எண்ணையும் சேர்த்துச் சொல்கிறார். சாய்ந்த வெயில் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. சட்டைப் பையில் போன் அதிர்கிறது. திரையில் மகளின் படத்தைப் பார்த்ததும் அப்படியே கடைப்பெண்ணிடம் நீட்டுகிறார். "நீயே கேளும்மா, அவளுக்குத் தெரியும்." கடைப்பெண் போனை வாங்கிக் கேட்கிறாள். "டொப்பிங்க," என்கிறது போனில் வரும் குரல். "வீட்ல அப்படித்தான் சொல்லுவோம். வேற பேரு..." அதற்குமேல் மகளுக்கும் தெரியவில்லை. கடைப்பெண் நெற்றியைத் தேய்த்துக்கொள்கிறாள். கண்டக்டர் மேசைமேல் குனிந்து அவள் உதடுகளையே பார்க்கிறார். "என்னம்மா சொல்றா? நல்லா இருக்காளாமா?"